மோட்டார்ஹோம் ரேலிக்கு அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

1

போன வாரம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து பிரபு கூப்பிட்டான். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன். அவனுடைய மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்களாம். அவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு மோட்டார்ஹோம் ரேலிக்குப் போகப் போகிறானாம். நான் போன வருஷம் டெக்சாஸில் ஒன்றுக்குப் போய் வந்தவன் என்பதால் யோசனை கேட்டான். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர், சக்கரத்துக்கு அடியில் வைக்கப் பலகை எடுத்துக்கொள், குடிதண்ணீர் ஹோஸை வேறு எதற்கும் தொடாதே என்றெல்லாம் ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். அவனும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டான்.

ஃபோனை வைத்ததும், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கவிதா தலை நிமிராமல் சொன்னாள்: "எல்லாஞ் சொன்னீங்க. அதை மட்டும் சொல்லலை."

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு மோட்டார்ஹோம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ் அளவுக்கு ஒரு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளிக்க இடம், கக்கூஸ் எல்லாம் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள் பலர் வீட்டை விற்றுவிட்டு இதிலேயே நாடு சுற்றுகிறார்கள். வருஷத்தில் சில முறை ஏதாவது ஒரு பொருட்காட்சி மைதானத்தில் நூற்றுக்கணக்கில் வந்து வரிசையாக நிறுத்திக்கொண்டு ஒரு வாரம் குடியிருப்பார்கள். டயரைப் பற்றி வகுப்பு நடக்கும், பாட்டுக் கச்சேரி நடக்கும், சேர்ந்து சாப்பிடுவார்கள். அதுதான் ரேலி. மாட்டுச் சந்தைக்கு முந்தின நாளே வந்து வண்டியை அவிழ்த்துவிட்டுச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதுதான், மாடு மட்டும் கிடையாது.

எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் வந்தது என்னோடு வேலை செய்யும் கேரியால். அவர் ஓய்வு பெறப் போகிறவர், சொந்தமாக வண்டி வைத்திருப்பவர். வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு வா, உன் அப்பாவுக்குப் பிடிக்கும் என்றார்.

அப்பா அப்போது டல்லாஸுக்குப் பக்கத்தில் காப்பெலில் எங்கள் இரண்டாவது மாடி அபார்ட்மென்டில் ஆறு மாத விசாவில் வந்து உட்கார்ந்திருந்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையை அடக்கிக்கொள்ளத் தெரியாது. டல்லாஸ் இமிகிரேஷனில் எதற்கு வந்தாய் என்று கேட்டால் சொல்ல "விசிட் சன்" என்று இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தேன். அவராகவே "கோ பேக்" என்று சேர்த்துச் சொல்லி, அந்த ஆபீசரையே சிரிக்க வைத்துவிட்டு வந்தார். இங்கே கடையிலோ வங்கியிலோ நான் ஆங்கிலத்தில் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பின்னால் நின்றுகொண்டு என் வாயையே பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் கவிதாவிடம், "எந்தம்பி என்னமாப் பேசறான் பாத்தியா அம்மிணி" என்பார்.

3

இனி யோசனைகள்.

மைதான வாசலில் மஞ்சள் சட்டைக்காரர்கள் நிற்பார்கள். அவர்கள் கை காட்டுகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். நமக்குப் பிடித்த மரத்தடியில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கத்தை வாசலோடு விட்டுவிடுங்கள். இரண்டு குடும்பம் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் ஒன்றன் பின் ஒன்றாகவே உள்ளே வர வேண்டும்.

முதல் தடவை வருகிறவர்களின் கழுத்து அட்டையில் ஒரு ரிப்பன் ஒட்டுவார்கள். கவிதா அதைப் பார்த்துவிட்டு, "எல் போர்டு மாட்டிட்டாங்க" என்றாள். கழற்றிவிடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் தெரியாதவர்கள்கூட வந்து உதவுவார்கள்.

வண்டிக்குள் மிளகாய் தாளிக்காதீர்கள். கவிதா முதல் நாள் ரசத்துக்குத் தாளித்தாள். புகை மணி அலறியது. பக்கத்து வரிசையிலிருந்து மூன்று பேர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடி வந்துவிட்டார்கள். அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள். மணம் பிடித்து வருகிறவர்கள் வரட்டும், அவர்கள் சிலிண்டர் கொண்டு வர மாட்டார்கள்.

அடுத்தவர் வண்டிக்கும் அவர்கள் போட்டிருக்கும் நாற்காலிக்கும் நடுவில் புகுந்து குறுக்கே நடக்கக் கூடாது. அது அவர்கள் வாசல். ஆனால் சாயங்காலம் நாற்காலியை வெளியே போட்டுவிட்டால், யாரும் வந்து பேசலாம் என்று பொருள். நாங்கள் முதல் நாள் ஜன்னல் திரை எல்லாவற்றையும் இழுத்து மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தோம். யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று பக்கத்து வண்டி லிண்டா நினைத்துக்கொண்டாராம். அறுபது தாண்டியவர், கணவரோடு அரிசோனாவிலிருந்து வந்தவர்.

மறுநாள் அப்பா வேட்டியோடு வெளியே உட்கார்ந்தார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டார். அவர்களும் திருப்பிக் கும்பிட்டார்கள். லிண்டாவின் கணவர் ஒரு தொப்பி கொண்டு வந்து அப்பாவின் தலையில் வைத்தார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா அவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை. ஊரில் இருந்த மாதிரியே இருந்தார். நான்கு பேர் நடமாட்டத்தைப் பார்த்துக்கொண்டு, யார் எங்கே போகிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு.

4

இப்போது அது.

இந்த மைதானங்களில் சாக்கடை இணைப்பு பெரும்பாலும் இருக்காது. வண்டியின் கக்கூசுக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கும். போகிறது எல்லாம் அதில்தான் சேரும். நிரம்பினால் உறிஞ்சி எடுக்க லாரி வர வேண்டும். தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்ட உள்ளே சுவரில் விளக்குகள் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு. படித்தவன் அல்லவா, கிளம்புவதற்கு முன் வண்டியின் கையேட்டை முழுக்கப் படித்திருந்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் தாராளமாக வரும் என்று அதில் இருந்தது.

அந்தக் கணக்கு காகிதத்தால் துடைக்கிறவர்களுடையது. நாம் ஊற்றிக் கழுவுகிறவர்கள். வீட்டிலிருந்து மக்கை எடுத்து வந்ததும் நாங்கள்தான். நானும் கவிதாவும் கொஞ்சம் பார்த்துப் பார்த்து ஊற்றினோம். அப்பா சுத்தம் பார்க்கிறவர். தான் போய் வந்த இடம் அடுத்தவருக்குக் கழுவி விட்ட மாதிரி இருக்க வேண்டும் அவருக்கு. மக்கால் நாலைந்து முறை ஊற்றிவிட்டு, தண்ணீர் விடுகிற கால் பெடலையும் அழுத்திப் பிடித்துத் தண்ணீர் தெளிவாக ஓடுகிறவரை நின்றிருக்கிறார். இரண்டாம் நாள் மாலையே சிவப்பு எரிந்துவிட்டது. உள்ளே நாற்றம் வேறு.

எங்கள் மகள் நிலாவுக்கு ஆறு வயது. தமிழில் சொன்னால் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா மேட் இட் ரெட்" என்றாள். அவளை நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. அவள் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கே தண்ணீர் ஊற்றக் கூடாது, காகிதம்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னேன். அப்பாவிடம் இதற்கு முன்னால் நான் இப்படிப்பட்ட விஷயம் எதையும் பேசியதில்லை. ஊரில் எந்த மகனும் பேச மாட்டான். அதனாலோ என்னவோ என் குரல் ஆபீஸ் குரலாக வந்தது. காகிதச் சுருளை எடுத்துக் காட்டவும் செய்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "செரி தம்பி" என்றார்.

5

லாரிக்குச் சொல்லி வைக்க ரேலி அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பெரிய கொட்டகையில் மேஜை போட்டு, தொண்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் சும்மா காலாற வருகிறேன் என்று கூட வந்தார். வழக்கம் போல எனக்குக் கொஞ்சம் பின்னால் நின்றுகொண்டார்.

மேஜையில் வெள்ளை முடி அம்மாள் ஒருவர். நேற்றுதானே வந்தீர்கள், அதற்குள்ளா, தொட்டியில் ஏதாவது பழுதா, ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நான்கைந்து பேர். அதில் ஒருவர் கேரி. வண்டியில் பழுதில்லை, என் அப்பாவுக்குத்தான் வயிற்றில் கொஞ்சம் ப்ராப்ளம், வயதானவர் என்றேன். சொல்லும்போது என் கை தானாக என் வயிற்றைத் தட்டிக் காட்டியது.

அந்த அம்மாள் முகம் இளகி, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பா கும்பிட்டார். இன்று ராத்திரி மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும், லாரிக்காரர்களிடம் சொல்லி நாளைக் காலையே முதலில் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார். கேரி என் தோளைத் தட்டினார்.

ஆங்கிலம் எனக்குக் கிடைத்த திரை என்று நினைத்திருந்தேன். அதற்கு இந்தப் பக்கம் நின்று என்ன பேசினாலும் அப்பாவுக்குக் கேட்காது என்று. ஃபாதர் என்ற சொல்லும் ப்ராப்ளம் என்ற சொல்லும் ஈரோட்டு மண்டியிலும் புழங்குகிற சொற்கள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வயிற்றைத் தட்டியதற்கு மொழியே வேண்டாம்.

வண்டிக்குத் திரும்பியதும் கவிதாவிடம் என் பேச்சைப் பற்றி அப்பா அன்றைக்குச் சொல்லவில்லை.

6

மறுநாள் காலையில் லாரி வந்து போனது. விளக்கு பச்சைக்குத் திரும்பியது. அன்று முழுவதும் பச்சையாகவே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் சந்தோஷப்பட்டேன். இதைத்தான் எழுதக் கை கூசுகிறது. அப்பா கற்றுக்கொண்டுவிட்டார் என்று கேரியிடம் பெருமையாகச் சொன்னேன். டயர் வகுப்புக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து கேள்வியெல்லாம் கேட்டேன்.

அப்பா பசியில்லை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். காலையில் கவிதா சுட்ட தோசையில் பாதியை நிலாவின் தட்டில் வைத்துவிடுவார். மத்தியானம், காலையில் தின்றதே நிற்கிறது என்பார். எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு பதார்த்தம் கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுகிற விருந்து ஒன்று நடந்தது. (அதற்கு அவரவர் தட்டும் கரண்டியும் நாற்காலியும் கொண்டு போக வேண்டும். நாங்கள் வெறுங்கையோடு போய் நின்றோம். நீங்கள் அப்படிப் போகாதீர்கள்.) அங்கேயும் அப்பா ஒரு துண்டு ரொட்டியை வைத்துக்கொண்டே நேரத்தை ஓட்டினார். லிண்டா கொடுத்த தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்து, மூடி திறக்காமல் திருப்பிக் கொண்டு வந்தார்.

கவிதாதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, மாமா உதடெல்லாம் வெடிச்சிருக்கு. தண்ணியே குடிக்க மாட்டேங்கறார்" என்றாள். வெளியூர் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அவர் அப்படித்தான் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கு அந்த லைட்டு பச்சையா இருந்தாப் போதும்."

பொதுக் கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அப்பா ஒரு முறை ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். இங்கே அந்தக் கதவுகளுக்கும் நடுத் தடுப்புகளுக்கும் கீழே முழங்கால் உயரத்துக்குத் திறந்திருக்கும். பக்கத்தில் இருக்கிறவனின் கால் தெரியும். கீழே தண்ணீர் சிந்தினால் அவன் காலுக்குத்தான் ஓடும். போன வேகத்தில் திரும்பிவிட்டார். வருகிற வழியில் எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்க, எங்கள் வண்டி தெரியாமல் வெயிலில் வெகுநேரம் சுற்றியிருக்கிறார். அதையும் அப்போது எங்களிடம் சொல்லவில்லை.

7

அந்த நான்காம் நாள் சாயங்காலம் அலங்கார வண்டிகளின் ஊர்வலம் இருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழியில் அப்பா நிலாவின் கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று நாங்கள் நினைத்தோம். கண் சொருகிப் போயிருந்தது. நிலா, "தாத்தா, எந்திரிங்க" என்று தமிழில் கத்தினாள்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் சின்ன வண்டியில் ஏற்றி முதலுதவிக் கூடாரத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்த நர்ஸ் நாக்கைப் பார்த்தார், கையின் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அப்பாவுக்குக் கண் தெளிந்ததும், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.

நான் கேட்டேன். அப்பா நர்சைப் பார்த்தார். அப்புறம் கூடாரத்துத் துணியைப் பார்த்தார்.

"நேத்துக் காத்தால."

"ஏனுங்கப்பா?"

"அந்தக் கக்கூசுக்குள்ள போகோணும்னாவே கூசுதுடா தம்பி. குடிச்சாத்தான போகோணும். இன்னும் ரெண்டு நாள்தான, தாங்கிக்கலாம்னு இருந்தேன்."

ஏன் தண்ணீர் குடிக்கவில்லையாம் என்று நர்ஸ் கேட்டார். அவருக்கு இந்த வெயில் பழக்கமில்லை என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சித்திரை மாதத்தில் ஈரோட்டில் மூட்டை தூக்கியவருக்கு வெயில் பழக்கமில்லை! எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். விழுங்கிக்கொண்டு, கழிப்பறை போகக் கூச்சப்பட்டிருக்கிறார் என்றேன். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை. நர்ஸ் ஆச்சரியப்படவில்லை. வயதானவர்கள் பயணத்தில் இப்படிச் செய்வதுண்டு, கூட இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும் என்றார். கூட இருக்கிறவர் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

இனிமேல் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கவிதா நிலாவைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அப்பாவும் நானும் மெதுவாக நடந்தோம். எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் ஊற்றுங்கள், தொட்டி நிரம்பினால் லாரியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றேன். அப்பா நின்றார்.

"கூப்புட்டா அந்தம்மா மறுக்காவும் கேக்குமே. இந்தத் தடவ எந்த வியாதியச் சொல்லுவ?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குத்திக் காட்டக்கூட இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று என்னோடு சேர்ந்து யோசிக்கிற குரலில் கேட்டார். மகன் சொல்லப்போகிற பொய்க்குத் தன் உடம்பில் இன்னும் எந்த இடம் மீதி இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கிற மாதிரி.

8

அலுவலகக் கொட்டகை போகிற வழியில்தான் இருந்தது. அதே அம்மாள்தான் மேஜையில் இருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன், இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வயிற்று உபாதை இன்னும் தீரவில்லையா என்றும் கேட்டார். பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். இந்த முறை அப்பா என் பக்கத்தில் நின்றார்.

அவருக்கு எந்த உபாதையும் இல்லை, அன்றைக்கு நான் சொன்னது உண்மையில்லை என்றேன். நாங்கள் காகிதம் பயன்படுத்துவதில்லை, தண்ணீர் ஊற்றித்தான் கழுவுவோம், எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான், அதனால் தொட்டி சீக்கிரம் நிரம்புகிறது என்றேன். பத்தாம் வகுப்பில் மேடையேறி முதல் முறை ஆங்கிலத்தில் பேசியபோதுகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

அவர் பேனாவை எடுத்தார். அப்படியா, அப்படியென்றால் தினமும் காலையில் லாரி வரும்படி எழுதிவிடட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். எழுதிக்கொண்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தவர் வரலாம் என்றார்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "என்ன சொன்ன?"

"நாம தண்ணி ஊத்திக் கழுவற ஆளுங்கன்னு சொன்னனுங்கப்பா."

"அதுக்கு அந்தம்மா?"

"தெனமும் காத்தால லாரி வந்துருமாமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்கப்பா."

அப்பா நர்ஸ் கொடுத்தனுப்பியிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மிச்சம் இருந்ததை அண்ணாந்து குடித்து முடித்தார். அப்புறம் எனக்காகக் காத்திருக்காமல், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேகமாக நடந்து போய் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லிண்டாவும் அவர் கணவரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்து, எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நான் உட்கார்ந்த சிறிது நேரத்தில் எங்கள் வண்டிக்குள்ளிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு மக், இன்னொரு மக், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும். மெல்லிய சுவர், ஒன்றையும் மறைக்காது. அவர்களுக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். எனக்கு அப்போதும் கூசத்தான் செய்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.